விழா முடிந்த மறுநாள் காலை

என் மகனுக்கு 13 வயது நிறைந்ததை ஒட்டி நாங்கள் நடத்திய சடங்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் முடிந்தது. உறவினர்கள் ஒவ்வொருவராக எழுந்து அவனை வாழ்த்திப் பேசினார்கள். நானும் நான்கு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்த உரையைக் குரல் தழுதழுக்க வாசித்து, "இன்று முதல் நீ இந்த வீட்டின் பெரியவர்களில் ஒருவன்" என்று முடித்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு, வழக்கம்போல, அவனுடைய பள்ளிப் பையைத் திறந்து கணக்கு நோட்டு இருக்கிறதா என்று பார்த்தேன். தலை சரியாக வாரவில்லை என்று சீப்போடு பின்னாலேயே போனேன். அறிவியல் ஆசிரியரிடம் அவன் கேட்க வேண்டியிருந்த ஒரு சந்தேகத்தை நானே தொலைபேசியில் கேட்டுவிடுவதாகச் சொன்னேன். அவன் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே, குரலில் கோபம் சிறிதும் இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டான்: "அப்பா, நேத்து சொன்னதெல்லாம் நேத்துக்கு மட்டும்தானா?"

அன்று என்னிடம் பதில் இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து மகளின் முறை வந்தபோதுதான் ஓரளவுக்குப் பதில் சொல்ல முடிந்தது. அந்த நான்கு ஆண்டுகளில் படித்ததையும் பார்த்ததையும், இரண்டு பிள்ளைகளிடமும் பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் பள்ளியில் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்தவன் நான். மாணவர்களின் வீட்டு விசேஷங்களுக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். அப்படிப் போனவற்றில் ஒரு யூத மாணவனின் பார் மிட்ஸ்வாதான் மகனுக்கும் இப்படி ஒன்று செய்ய வேண்டும் என்ற ஆசையை எனக்குள் விதைத்தது. 'கட்டளையின் மகன்' என்று பொருள்படும் அந்தச் சொல், 13 வயது நிறைந்த பையன் இனிச் சமயக் கட்டளைகளுக்குத் தானே பொறுப்பு என்பதைக் குறிக்கிறது. அன்று முதல் கூட்டு வழிபாட்டுக்குத் தேவையான பத்துப் பேரில் அவனும் ஒருவனாக எண்ணப்படுவான். ஒன்பது பெரியவர்கள் கூடியிருந்து பத்தாவது ஆளுக்காகக் காத்திருக்கும் ஒரு மாலையில் அவன் உள்ளே நுழைந்தால் வழிபாடு தொடங்கிவிடும். நேற்று வரை அவன் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கணக்கு மாறியதில்லை. பெண்களுக்கான பாட் மிட்ஸ்வா அமெரிக்காவில் முதன்முதலாக 1922 மார்ச் 18 அன்று நியூயார்க்கில் நடந்தது. மொர்டெகாய் கப்லான் என்ற மதகுருவின் மகள் ஜூடித் அன்று வேதப் பகுதி ஒன்றை வாசித்தாள்.

என் மாணவன் தோல் சுருளில் எழுதிய எபிரேய வேதத்திலிருந்து வாசித்தான். அந்தச் சுருளில் உயிர்க்குறிகளும் கிடையாது, எந்தச் சொல்லை எந்த இராகத்தில் இழுக்க வேண்டும் என்ற குறிப்பும் கிடையாது. அத்தனையையும் பல மாதங்கள் மனனம் செய்துதான் வர வேண்டும். எழுத்தின் மேல் விரல் படக்கூடாது என்பதால், நுனியில் சுட்டுவிரல் வடிவம் கொண்ட வெள்ளிக் கோல் ஒன்றை வரியின் மேல் நகர்த்திக்கொண்டே போனான். ஓரிடத்தில் ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்தான். பக்கத்தில் நின்ற பெரியவர் உடனே, எல்லோருக்கும் கேட்கும்படி, திருத்திச் சொன்னார். பையன் நின்றான், கோலை அரை அங்குலம் பின்னால் நகர்த்தினான், சொல்லைச் சரியாகச் சொல்லிவிட்டு மேலே போனான். கூட்டத்தில் ஒருவர் முகத்திலும் சங்கடம் தெரியவில்லை. பெரியவர்கள் வாசிக்கும்போதும் அப்படித்தான் திருத்துவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சிறுவன்தானே என்று விட்டுவிடாமல் திருத்தியதுதான் அவனுக்குக் கிடைத்த மரியாதை.

அதன் பிறகு தந்தை எழுந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். பழைய மரபில் வந்த அந்த வாக்கியத்தின் சாரம் இது: இவனுடைய செயல்களுக்காக எனக்கு வரும் தண்டனையிலிருந்து என்னை விடுவித்தவர் போற்றப்படுக. கேட்டபோது எனக்குச் சற்று வறட்சியாகத்தான் பட்டது. மகன் பெரியவனானதைக் கொண்டாடும் நாளில் ஒரு தகப்பன் தன்னுடைய பொறுப்பு கழிந்ததைப் பற்றியா பேசுவது? மண்டபமும் மலர்களும் பாட்டியின் கண்ணீரும்தான் என் மனத்தில் தங்கின. அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மகனின் சடங்கில் நான் சறுக்கியதற்கு விதை அங்கே விழுந்தது.

சடங்கு என்பது எப்படி இயங்குகிறது என்பதை எனக்குத் தெளிவாக்கியவர் ஆர்னால்ட் வான் கென்னப் என்ற மானிடவியல் அறிஞர். உலகெங்கிலுமுள்ள பிறப்பு, பருவமெய்தல், திருமணம், இறப்புச் சடங்குகளை ஒப்பிட்டுப் பார்த்து, அவற்றினூடே ஓடும் மூன்று கட்டங்களை 1909-இல் அவர் எடுத்துக்காட்டினார். முதலில் ஆளை அவனுடைய பழைய இடத்திலிருந்து பிரிக்கிறார்கள். பிறகு இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் ஓர் இடைவெளியில் நிறுத்துகிறார்கள். கடைசியில் புதிய ஆளாகத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறார்கள். நடுக்கட்டத்துக்கு அவர் வைத்த பெயர் 'நிலைப்படி' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1950-களில் சாம்பியாவின் நிடெம்பு மக்களிடையே வாழ்ந்து ஆய்வு செய்த விக்டர் டர்னர், பிற்காலத்தில் இந்த நிலைப்படியையே தன் ஆய்வின் மையமாக்கினார். அங்கே நிற்பவனுக்குப் பட்டம், சொத்து, ஆடை வேறுபாடு எதுவும் இல்லை. கூட நிற்பவர்களோடு அவனுக்கு உண்டாகும் பிணைப்பு ஆயுளுக்கும் நீடிக்கிறது என்று அவர் எழுதினார்.

இந்த அளவுகோலை என் மகனின் விழாவுக்கு வைத்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. பிரிவு என்ற பெயரில் ஒரு மலையேற்றம் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நடுக்கட்டம் என்று எதுவும் இல்லை. மூன்றாவது கட்டத்துக்கு நான்கு பக்க உரை இருந்தது, அவ்வளவுதான். சேர்த்துக்கொள்வது என்றால் சேர்த்துக்கொள்பவர்கள் நகர்ந்து இடம்விட வேண்டும் என்பது என் புத்தியில் உறைக்கவே இல்லை. எனக்குத் தெரிந்த உயிருள்ள சடங்குகள் எல்லாவற்றிலும், முடிந்த மறுகணமே, பெரியவர்களின் நடத்தையில் ஏதோ ஒன்று மாறுகிறது. பிள்ளை மாறினானா இல்லையா என்பது மெதுவாகத்தான் தெரியவரும்.

பழைய சீனாவின் வழக்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 20 வயதில் ஆண்மகனுக்குத் தொப்பி சூட்டும் சடங்கிலும், 15 வயதையொட்டிப் பெண்ணுக்குக் கொண்டை ஊசி செருகும் சடங்கிலும், அவர்களுக்கு இன்னொரு பெயர் வழங்கப்பட்டது. அதற்குப் பிறகு வயதில் ஒத்தவர்கள் அவனைப் பிறந்தபோது வைத்த பெயரால் கூப்பிடுவது மரியாதைக் குறைவு. அந்தப் பெயர் பெற்றோருக்கும் மூத்தோருக்கும் அவனுக்கும் மட்டுமே உரியது. ஒரே நாளில் ஊராருடைய நாக்கு மாற வேண்டியிருந்தது. தவறிப்போய்ப் பழைய பெயரைச் சொல்லிவிட்டால், தவறியவர் சொன்னவர்தான். அவனுக்கு இதில் செய்வதற்கு எதுவுமே இல்லை.

மெக்சிகோவைச் சேர்ந்த என் மாணவி ஒருத்தியின் கின்சியான்யேராவில், அதாவது 15-ஆம் பிறந்தநாள் விழாவில், இதே விஷயம் சிறிய அளவில் நடந்ததைக் கண்டேன். தட்டைச் செருப்போடு மேடைக்கு வந்த அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தந்தை மண்டியிட்டு அந்தச் செருப்பைக் கழற்றி, குதி உயர்ந்த காலணியை மாட்டினார். மெல்லிய வாரில் சின்னஞ்சிறு கொக்கி. அவருடைய தடித்த விரல்களுக்குள் அது அடங்கவில்லை. முதல் முறை நழுவியது, இரண்டாம் முறையும் நழுவியது. உதவிக்கு எழுந்த மனைவியைக் கையமர்த்திவிட்டு மூன்றாம் முறை மாட்டினார். மகள் குனிந்து உதவவில்லை. காலை அசைக்காமல் நேராக உட்கார்ந்திருந்தாள். அதற்கு முன் அவளுடைய கடைசிப் பொம்மையைத் தங்கையிடம் கொடுத்திருந்தார்கள். பிறகு தந்தையும் மகளும் ஆடிய வால்ஸ் நடனத்தைத்தான் எல்லோரும் படமெடுத்தார்கள். மண்டியிட்டு, தன் கையால், தன்னைவிட உயரமாகப் போகிறவளுக்குக் காலணி மாட்டிய அந்த இரண்டு நிமிடம்தான் விழா என்று எனக்குப் பட்டது.

மலையேற்றத்துக்கு வருகிறேன். ஆண்பிள்ளை என்றால் ஏதாவது ஒரு சோதனையைத் தாண்டிக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியொன்று இருந்தால்தான் விழா கனமாக இருக்கும் என்று நினைத்தேன். வெளியூர் உறவினர்களின் விடுமுறைக்கு ஏற்பத் தேதி குறித்தோம். அது மழை பிடித்திருந்த வாரம். பாறை வழுக்கும் என்று வழிகாட்டி தயங்கினார். எல்லோரும் வந்தாகிவிட்டது, இனித் தள்ளிப்போட முடியாது என்று நான்தான் வற்புறுத்தினேன். பாதி வழியில் மகன் சறுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டான். மாலை விழாவில் வீங்கிய காலை ஒரு முக்காலியின் மேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தபடிதான் என் உரையைக் கேட்டான்.

பிற்பாடு வனுவாட்டு நாட்டின் பெந்தகோஸ்து தீவைப் பற்றிப் படித்தபோது அந்த முக்காலி என் கண்முன் வந்தது. அங்கே மரத்தால் கட்டிய 20 முதல் 30 மீட்டர் உயரக் கோபுரங்களிலிருந்து, கணுக்காலில் காட்டுக்கொடியைக் கட்டிக்கொண்டு ஆண்கள் தலைகீழாகக் குதிப்பார்கள். சிறுவர்கள் தாழ்ந்த மேடைகளிலிருந்து தொடங்குவார்கள். பையன் குதிக்கும்போது தாய் அவனுடைய சிறுவயதுப் பொருள் ஒன்றைக் கையில் வைத்திருந்து, குதித்து முடித்ததும் எறிந்துவிடுவாள் என்றும் சொல்கிறார்கள். குதிப்பது ஏப்ரல் முதல் ஜூன் வரையான பருவத்தில்தான். கிழங்கு அறுவடையோடு ஒட்டியது என்பது ஒரு காரணம். ஈரம் ஏறிய கொடி அந்தப் பருவத்தில்தான் போதிய அளவு நெகிழும் என்பது இன்னொரு காரணம். 1974-இல் பிரித்தானிய அரசி வருகை தந்தபோது, அவர் காண்பதற்காகப் பருவம் வருமுன்பே இதை நடத்தினார்கள். கொடி நெகிழாமல் அறுந்தது. குதித்தவர்களில் ஒருவர் இறந்துபோனார். விருந்தினரின் வசதிக்காகத் தேதியை நகர்த்தியதில் நான் பிசகிய கணுக்காலோடு தப்பினேன். விழாத் தேதியை விழாவின் இயல்புதான் தீர்மானிக்க வேண்டும். மண்டபம் கிடைப்பதோ மாமா விடுப்பு எடுப்பதோ அதற்குப் பிறகுதான். இதை நான் இப்போது யார் கேட்டாலும் முதலில் சொல்கிறேன்.

சோதனை என்ற விஷயத்திலும் என் புரிதல் தலைகீழாகத்தான் இருந்தது. பிரேசிலின் அமேசான் காட்டில் வாழும் சாத்தரே-மாவே மக்களின் எறும்புக் கையுறையைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கொடிய வலி தரும் எறும்புகளை மூலிகை நீரில் மயங்கச் செய்து, கொடுக்குகள் உட்பக்கம் இருக்கும்படி ஓலைக் கையுறையில் பின்னிவிடுவார்கள். அவை தெளிந்ததும் பையன் அதற்குள் கைவிட்டுப் பத்து நிமிடம் தாங்க வேண்டும். இது ஒரு தடவையோடு முடிவதில்லை. வெவ்வேறு நாள்களில் 20 தடவை வரைக்கும் செய்ய வேண்டும். காணொளிகள் பையனின் முகத்தையே காட்டிக்கொண்டிருக்கும். பார்வையைச் சற்று விலக்கினால், அவனோடு தோள்கோத்துப் பாடி ஆடும் ஆண்கள் தெரிவார்கள். அவர்கள் எல்லோரும் இதே கையுறைக்குள் கைவிட்டவர்கள். மலையில் என் மகனோடு யார் இருந்தார்கள்? கட்டணம் வாங்கிய வழிகாட்டி ஒருவர், மழைக்கோட்டோடு நான், கீழே வண்டியில் காத்திருந்த உறவினர்கள். வலியை மட்டும் எடுத்துக்கொண்டு தோளை விட்டுவிட்டேன்.

வலியே சடங்கின் உயிர் என்று எண்ணுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் கசப்பான சான்றுகள் உண்டு. கோசா இளைஞர்களின் உல்வலூக்கோ என்ற விருத்தசேதனச் சடங்கை நெல்சன் மண்டேலா 16-ஆம் வயதில், 1934-இல் கடந்தார். டாலிபுங்கா என்ற புதுப்பெயரும், இரண்டு கிடாரிகளும் நான்கு ஆடுகளும் அவருக்குக் கிடைத்தன. முதன்முறையாகத் தனக்கென்று சொத்து. தங்கியிருந்த குடில்களுக்குத் தீவைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும் என்பது விதி. பழைய பையன் அங்கே எரிந்துபோகிறான் என்பது அதன் பொருள். தான் திரும்பிப் பார்த்துவிட்டதாக மண்டேலா பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். இவ்வளவு ஆழமான அந்தச் சடங்கில், பிந்தைய காலத்தில், உரிமம் இல்லாத முகாம்களில் தேர்ச்சியற்றவர்கள் கத்தியெடுத்ததாலும், தண்ணீர் குடிக்கவிடாமல் வைத்ததாலும் ஆண்டுதோறும் இளைஞர்கள் இறந்தார்கள். முகாம்கள் பதிவு செய்யப்பட வேண்டும், சேருமுன் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளோடு 2021-இல் அங்கே ஒரு தனிச் சட்டம் வந்தது.

கென்யாவில் இதைவிடத் துணிச்சலான ஒரு திருப்பம் நிகழ்ந்தது. பெண்ணுறுப்புச் சிதைப்பு என்ற கொடுமை அங்குள்ள சில சமூகங்களில் பருவச் சடங்கின் பகுதியாக இருந்துவந்தது. அதைத் தவறு என்று மட்டும் சொன்னபோது குடும்பங்கள் அசையவில்லை. சடங்கே இல்லாமல் பெண் எப்படிப் பெரியவளாவாள் என்று கேட்டார்கள். 1996-இல் தராகா பகுதியில், சில குடும்பங்கள் சேர்ந்து, மகள்களை வழக்கம்போல ஒரு வாரம் தனித்து வைத்து, மூத்த பெண்களைக் கொண்டு உடல், மணவாழ்வு, தன்மானம் பற்றிக் கற்பித்து, கடைசி நாளில் ஊர்கூடிப் பாடி வரவேற்றார்கள். வெட்டு மட்டும் கிடையாது. 'சொல்லால் வெட்டுதல்' என்பது அதற்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள். 2011-இல் நாடு முழுவதற்கும் சட்டம் அந்தக் கொடுமையைத் தடைசெய்தது. ஒரு சடங்கிலிருந்து எதைக் களையலாம், எதைக் களைந்தால் எல்லாம் சரிந்துவிடும் என்று அந்தக் குடும்பங்கள் பிரித்தறிந்ததுபோல ஆராய்ச்சியாளர்கள்கூடப் பிரித்தறிந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

என் மகளுக்கு 15 வயது நெருங்கியபோது இவையெல்லாம் மனத்தில் இருந்தன. முதலில் அவளிடமே கேட்டோம். மகனிடம் நாங்கள் கேட்டதே இல்லை. அவள் ஒரு நிபந்தனையைத்தான் முன்வைத்தாள்: தன் உடலைப் பற்றி யாரும் பேசக்கூடாது, அதைச் சாக்காக வைத்து யாரும் கூடவும் கூடாது. உலகின் சடங்குகளில் ஒரு பெரும் பிரிவு உடலின் அறிகுறியைக் கொண்டு நாள் குறிப்பது. இன்னொரு பிரிவு வயதைக் கொண்டோ, ஒரு தலைமுறையை மொத்தமாகச் சேர்த்தோ நாள் குறிப்பது. முதல் வகையில் அந்தப் பெண் தனியாள். ஊரின் கண் முழுவதும் அவள்மேல். இரண்டாவது வகையில் அவளோடு ஒரு கூட்டமே நிற்கும். இரண்டிலும் நிறைகுறை உண்டு. ஆனால் கூச்சப்படும் பிள்ளையை முதல் வகைக்குள் தள்ளுவது, கௌரவம் என்ற பெயரில் செய்யும் வன்முறை என்பது என் கருத்து. அவளுக்கு மாதவிலக்கு தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைப் பற்றிப் பேச வேண்டியதை அவளுடைய அம்மா அப்போதே பேசிமுடித்திருந்தாள். ஆகவே பிறந்தநாளையே எல்லையாக வைத்துக்கொண்டோம்.

அமெரிக்காவின் நவஹோ மக்களுடைய கினால்டா சடங்கைப் பற்றி அவளே படித்துவிட்டு வந்து எங்களுக்குச் சொன்னாள். நான்கு நாள் நீளும் அந்தச் சடங்கில் பெண் விடியற்காலையில் கிழக்கு நோக்கி ஓடுவாள். ஒவ்வோர் ஓட்டமும் முன்னதைவிட நீளும். கூட ஓடுபவர்கள் அவளை முந்தக்கூடாது. ஊர் மதிக்கும் ஒரு பெண்மணி அவளைப் படுக்கவைத்து, பச்சைக் களிமண்ணுக்கு உருக்கொடுப்பதுபோல, உடலைப் பிடித்துவிடுவாள். பெண் நாள்கணக்கில் சோளம் அரைப்பாள். அந்த மாவைத் தரையில் தோண்டிய குழியில் ஊற்றி, மேலே நெருப்பு மூட்டி, இரவெல்லாம் பாடிக்கொண்டே வேகவிடுவார்கள். விடிந்ததும் அந்தப் பெரிய அப்பத்தை அறுத்து எல்லோருக்கும் அவளே கொடுப்பாள். அவள் மட்டும் அதை உண்ணக்கூடாது. "அவளுக்கு விழாவே இல்ல அப்பா, அவ போடற விழா" என்றாள் மகள்.

அதையே நாமும் செய்துவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. வேண்டாம் என்றேன். கினால்டா, 'மாறும் பெண்' என்ற அவர்களுடைய தெய்வத்துக்கு முதன்முதலாக நடந்த சடங்கின் தொடர்ச்சி. அந்தக் கதையோடும் பாடல்களோடும் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உரியது. இன்னொருவருடைய சடங்கிலிருந்து உடையையும் பாட்டையும் எடுத்துக்கொள்வது களவு மாதிரிதான். அந்தச் சடங்கு எந்தக் கேள்விக்கு விடையாக உருவானதோ அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வதில் குற்றமில்லை. எங்களுக்குக் கிடைத்த கேள்விகள் மூன்று: இவள் யாருக்கு என்ன ஆக்கித் தருவாள்? பெற்றோரைத் தவிர யார் இவளுக்கு உருக்கொடுப்பார்கள்? முடிந்தபிறகு நாங்கள் எதை விட்டுக்கொடுப்போம்?

மூன்றாவது கேள்வியைத்தான் முதலில் எடுத்தோம். விழாவுக்கு மூன்று மாதங்களுக்கு முன் நானும் மனைவியும் உட்கார்ந்து, பிறந்தநாளுக்கு மறுநாளிலிருந்து எவற்றையெல்லாம் நிறுத்திக்கொள்வோம் என்று எழுதினோம். அவளுடைய அறைக்குள் தட்டாமல் நுழைவது. அவளுடைய அலைபேசியைக் கையிலெடுத்துப் பார்ப்பது. அவளுடைய ஆசிரியர்களிடம் அவளுக்குத் தெரியாமல் பேசுவது (ஆசிரியனான எனக்கு இது அபினிப் பழக்கம் மாதிரி). அவளைக் கேட்ட கேள்விக்கு நாங்கள் பதில் சொல்வது. எழுத எழுதத்தான் எத்தனை இருக்கின்றன என்று தெரிந்தது. மொத்தம் பதினான்கு. அதில் ஐந்தை எங்களால் இப்போதைக்கு நிறுத்த முடியாது என்று அடித்துவிட்டோம். நிறைவேற்ற முடியாத பதினான்கைவிட முடியும் என்கிற ஒன்பது மேல் என்று மனைவி சொன்னாள். இப்படி ஒரு சடங்கைத் திட்டமிடுகிறவர்கள் மண்டபம் தேடுமுன் இந்தத் தாளை எழுதிவிட வேண்டும் என்பேன். எழுதுவதற்கு எதுவுமே தோன்றவில்லை என்றால் அந்த ஆண்டு வெறும் பிறந்தநாள் கொண்டாடிவிட்டு, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

நடுக்கட்டத்துக்கு ஒரு மாதம் ஒதுக்கினோம். அந்த மாதம் வீட்டு நிர்வாகம் அவளுடையது: வரவு செலவு, சாமான் பட்டியல், கட்டணங்கள், யார் எந்த வேலை செய்வது என்பது வரை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் யோசனை சொல்லும் உரிமை கிடையாது. கேட்டால் மட்டும் பதில். வாரத்தில் ஒரு நாள், எங்கள் வீட்டுக்கு வெளியே உள்ள ஒரு பெரியவரோடு அவள் கழிக்க வேண்டும். அவர்களை அவளே தேர்ந்தெடுத்தாள். மனைவியின் அத்தை, என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு நூலகர், பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா, பிறகு நான் சற்றும் எதிர்பாராத விதமாக, எனக்குப் பல ஆண்டுகளாக மனத்தாங்கல் உள்ள என் தம்பி. அங்கே என்ன பேசினாள் என்று நாங்கள் கேட்கவில்லை. எனக்கு அது எளிதாக இருக்கவில்லை.

மாதத்தின் மூன்றாவது வாரத்தில் வீட்டு இணைய இணைப்பு நின்றுபோனது. கட்டணம் கட்ட மறந்துவிட்டாள். என் கைகள் பரபரத்தன. இரண்டு நிமிட வேலை. அந்தத் தோல் சுருளையும் திருத்திச் சொன்ன பெரியவரையும் நினைத்துக்கொண்டு, "இணைப்பு போயிருக்கு, கட்டணம் கட்டலைன்னு நினைக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் இணையம் இல்லாமல் இருந்தோம். மகனுக்குத் தேர்வு நேரம். அவன் கத்தினான், அவளும் பதிலுக்குக் கத்தினாள், பிறகு தானே போய்ச் சரிசெய்துவிட்டு வந்தாள். அன்றிரவு, அடுத்த மாதக் கட்டணங்களின் கடைசி நாள்களை எழுதிய தாள் ஒன்று சமையலறைச் சுவரில் ஏறியது. அது இன்றும் அங்கே இருக்கிறது. நானும் அதைப் பார்த்துத்தான் கட்டுகிறேன். பிள்ளை பிழை செய்தால் கொடுத்ததைத் திரும்பப் பறிக்கலாம் என்ற ஓர் ஓட்டை மட்டும் இருந்தால் போதும், மொத்தச் சடங்கும் அதன் வழியாக ஒழுகிப் போய்விடும்.

பிறந்தநாளன்று 20 பேர்தான் வந்தார்கள். உரை எதுவும் இல்லை. எங்களுடைய ஒன்பது வரிகளையும் வாசிக்கும்படி மகனிடம் கொடுத்தோம். 17 வயதாகியிருந்த அவன் வாசித்து முடித்துவிட்டுத் தாளை மடித்தான், பிறகு மறுபடி விரித்தான். "இதுல என் பேரையும் சேர்த்துக்கலாமா? எனக்கு நாலு வருஷ பாக்கி இருக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் பேனாவை எடுத்துச் சேர்த்தேன். பிந்திச் செய்தால் செல்லாது என்று எந்த மரபும் சொன்னதாக நான் படித்ததில்லை. கென்யாவிலும் தான்சானியாவிலும் வாழும் மாசாய் மக்களிடையே, போர்வீரர்களாகப் பல ஆண்டுகள் கழித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து யூனோட்டோ என்ற சடங்கில் அடுத்த நிலைக்கு நகர்வார்கள். நீள வளர்த்த மகனின் கூந்தலைத் தாய்தான் மழித்துவிடுவாள். அங்கே வளர்ந்து ஆளானவர்களும் மறுபடி ஒரு நிலைப்படியில் நிற்கிறார்கள்.

ஜப்பானைப் பற்றி ஒரு செய்தி மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சட்டமும் சடங்கும் விலகிப் போகும்போது என்ன ஆகிறது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அங்கே ஜனவரி மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை வயதுவந்தோர் நாள். 20 வயதை எட்டிய பெண்கள் நீண்ட கை கொண்ட ஃபுரிசோதே கிமோனோ அணிந்து நகராட்சி மண்டபங்களில் கூடுவார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி வயதுவரும் எல்லை 18 ஆகக் குறைந்தது. பெற்றோரின் சம்மதம் இல்லாமலே வாடகை ஒப்பந்தம் போடலாம், கடன் அட்டை வாங்கலாம். மது அருந்தவும் புகைபிடிக்கவும் மட்டும் பழையபடி 20. ஆனால் பெரும்பாலான நகராட்சிகள் விழாவை 20 வயதுக்காரர்களுக்கே இன்னும் நடத்துகின்றன. 18 வயதுப் பிள்ளைகள் ஜனவரியில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் மூழ்கியிருப்பார்கள். உரிமை முதலில் வந்துவிட்டது, பட்டாடை இரண்டு ஆண்டு கழித்து வருகிறது. நான் என் மகனுக்குச் செய்ததற்கு இது நேர் எதிர். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் ஜப்பானிய வரிசையையே எடுத்துக்கொள்வேன்.

மகளின் பிறந்தநாள் முடிந்து ஆறு வாரங்கள் இருக்கும். முழங்கால் வலி என்று மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தேன். மருத்துவர் அவளைப் பார்த்து, எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேட்டார். மாடிப்படி ஏறும்போதுதான் அதிகம், போன மாதமே தொடங்கிவிட்டது, இடது காலில்தான் என்று எல்லாம் என் நாக்கின் நுனியில் வந்து நின்றது. வாயைத் திறந்தும் விட்டேன். மகள் என் பக்கம் திரும்பி, ஒன்பது என்று விரல்களால் காட்டினாள். எங்கள் தாளில் அது ஒன்பதாவது வரி. மருத்துவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் எழுந்து சன்னலோரம் இருந்த நாற்காலிக்கு மாறி உட்கார்ந்துகொண்டேன். இடது காலில் அல்ல, வலது காலில்தான் வலி என்று அங்கிருந்துதான் தெரிந்துகொண்டேன்.